பதினொன்று நாற்பத்தேழு, சைபர் வினாடி

உங்கள் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் பின்தங்கி ஓடுகிறது, இன்ஸ்பெக்டர் சார். குறையாகச் சொல்லவில்லை. ஒரு போலீஸ் ஸ்டேஷன் கடிகாரம் நாலு நிமிஷத்தோடு நிறுத்திக்கொண்டதே பெரிய மரியாதைதான். ஆனால் வாக்குமூலத்தில் நேரம் போடும்போது ஏட்டய்யாவை என் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். இன்று காலை ரேடியோவோடு ஒப்பிட்டு வைத்தது.

என் பெயர் நரசிம்மன். வயது ஐம்பத்தொன்பது. கல்பாக்கத்தில் ஆராய்ச்சிக்கூடத்தில் கருவிகள் பிரிவு. முப்பத்து மூன்று வருஷ சர்வீஸ், அடுத்த மாதம் ஓய்வு. அழுத்தமானி, வெப்பமானி எதுவும் தானாக உண்மை பேசிவிடாது சார். யாராவது ஒருவர் அதன் எதிரில் உட்கார்ந்து, நீ சொல்வது சரியா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் நான். வீட்டில் சோறு ஆறிப்போனதற்கு இதுதான் காரணம் என்று என் மனைவி வசுமதி சொல்வாள். இப்போது எதுவும் சொல்வதில்லை. சதாசிவம் சாரின் காரியம் முடிந்த அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நீங்கள் கேட்டது அவரைப் பற்றித்தான். வருகிறேன். எதையும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

முதலில் கார். 1956-இல் செய்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், கரும்பச்சை. இரண்டே இருக்கை, கூரை கிடையாது, தரையிலிருந்து ஒரு சாண் உயரம். கம்பெனியின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தத் தகட்டை அவர்கள் பொருத்தவில்லை.

தகட்டைப் பற்றிப் பிறகு.

சதாசிவம் சார் செங்கல்பட்டில் மூன்று லாரியோடு தொடங்கியவர். கடற்கரைச் சாலை அகலமானபோது கோவளத்துக்குத் தெற்கே மணலை மனையாக விற்று மேலே வந்தார். மேலே வந்தவர்களுக்கெல்லாம் பின்னால் ஒரு பரம்பரை தேவைப்படுகிறது. அவருடைய அப்பா மதுராந்தகம் பக்கத்தில் மாட்டுத் தரகர். அது சபையில் எடுபடவில்லை. ஆகவே தொண்ணூற்றேழில் நீலகிரிக்குப் போய், ஒரு எஸ்டேட் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த அந்தக் காரை வாங்கி வந்தார். காரோடு ஒரு வெள்ளைக்காரனும் இலவசமாக வந்தான். அதாவது முன்பு அதை ஓட்டியவனைப் பற்றி சார் சொல்லும் கதை. வாங்கிய புதிதில் அவன் எஸ்டேட் குமாஸ்தா. இரண்டாயிரத்தில் மேனேஜர் ஆனான். அதற்கு இரண்டு வருஷம் கழித்து மேஜர். போன வருஷக் கடைசியில் எங்கள் பழைய கார் கிளப் விருந்தில் அவன் ஒரு பிரபுவாகவே ஆகிவிட்டிருந்தான். செத்துப்போன ஒருவன் இவ்வளவு வேகமாகப் பதவி உயர்வு வாங்கி நான் பார்த்ததில்லை. எங்கள் ஆபீஸில் உயிரோடு இருப்பவனுக்கே பதினோரு வருஷம் பிடிக்கும்.

காரை ராலிக்கு ஏற்றபடி மாற்றியவர் மணி. செங்கல்பட்டு பழைய ஜி.எஸ்.டி. ரோட்டில் பட்டறை வைத்திருப்பவர். நீங்கள் விசாரித்திருப்பீர்கள், இரண்டு கையிலும் கட்டோடு இருப்பவர். கார் கவிழ்ந்தால் தலை தப்புவதற்குப் பின்னால் ஒரு இரும்புக் குழாய் வளைவு. எழுபது லிட்டர் டேங்க். பானெட்டுக்குக் குறுக்கே தோல் வார். முன்னால் சோற்றுத் தட்டு அகலத்தில் நாலு விளக்கு. எங்கள் ராலி காலை ஏழு மணிக்குத் தொடங்கி மத்தியானம் பிரியாணியோடு முடிந்துவிடும். அந்த விளக்குகள் எரிந்து நான் பார்த்தது ஒரு ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும். தடித்த கம்பளியில் ட்வீட் தொப்பி, கழுத்தில் பட்டுத் துணி, தோல் கையுறை, பற்றவைக்காத பைப் இதெல்லாம் சாருடைய சொந்தச் சேர்க்கை. மாமல்லபுரத்து வெயிலில் ட்வீட் தொப்பி என்ன பாடு படுத்தும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சீட் பெல்ட். இங்கிலாந்திலிருந்து தருவித்தது. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு என்று நாலு பட்டையும் வந்து வயிற்றின் அடியில் ஒரே பூட்டில் சேரும். சாருக்கு வயிறு கொஞ்சம் முந்திக்கொண்டு நிற்கும். பூட்டு அதற்குக் கீழே, அவர் கண்ணுக்கே தெரியாத இடத்துக்குப் போய்விடும். கையுறையோடு துழாவி அவரால் அதைக் கழற்ற முடியாது. ராலி முடிந்ததும் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் இறங்கிப் போய் கார்டில் முடிவு நேரத்தை எழுதி வாங்கிக்கொண்டு வந்து, குனிந்து, கழற்றிவிடுவேன்.

கார்டு முதலில், பெல்ட் பிறகு. எட்டு வருஷ வழக்கம் இது. ஏட்டய்யா இதைத் தனி வரியாக எழுதிக்கொண்டால் நல்லது.

ராலி என்றதும் பந்தயம் என்று நினைக்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அப்படி நினைக்கட்டும் என்றுதான் தொப்பியும் கையுறையும். உண்மையில் எங்களுக்குக் கொடுக்கப்படும் வேகம் மணிக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர். பொத்தேரிக் கல்லூரிப் பையன்கள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வரும் டவுன் பஸ் எங்களை முந்திப்போகும். "இன்னா அண்ணாத்த, தள்ளி வுடணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். சார் அதைக் காதில் வாங்காமல் பைப்பைக் கடித்துக்கொள்வார்.

விஷயம் வேகத்தில் இல்லை. புறப்பட்ட இடத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு, சொன்ன வேகத்தில், சொன்ன வினாடியில் போய் நிற்க வேண்டும். ஒரு வினாடி முந்தினால் ஒரு புள்ளி அபராதம். பிந்தினாலும் ஒரு புள்ளி. எத்தனை கிலோமீட்டர் என்று முன்கூட்டி சொல்லமாட்டார்கள். வழியில் மரத்தடியில் ஒளிந்துகொண்டும் நேரம் குறிப்பார்கள். ஆகவே ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் கணக்குப் போட்டு, வண்டி ஓட்டுகிறவரிடம் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் வேகமாக என்று சொல்லிக்கொண்டே வருவதற்கு பக்கத்து இருக்கையில் ஒருவர். நேவிகேட்டர். அதுதான் நான். ஸ்டீயரிங் பிடிப்பவர் கை, நான் மூளை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, விதிமுறைப் புத்தகத்திலேயே கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது.

ஒரு நாள் ராலியில் ஆறு கட்டம். ஆறிலும் ஒரு வினாடிகூடப் பிசகாமல் வந்தால் மொத்தம் சைபர். எங்கள் கிளப் தொடங்கியதிலிருந்து யாரும் சைபர் வாங்கியதில்லை. நாங்கள் மூன்று தடவை கோப்பை வாங்கினோம்: பன்னிரண்டு, பத்தொன்பது, ஏழு. கோப்பை வாங்குவது சுலபம். மற்றவர்கள் நம்மைவிட மோசமாக இருந்தால் போதும். சைபர் அப்படியில்லை.

தொண்ணூற்றொன்பதில் அந்த சைபர் கையில் இருந்தது. மாமல்லபுரத்துக்கு உள்ளே நுழையும்போது ஒரு வார்டு மெம்பர் மாலையோடு குறுக்கே வந்தார். சார் நிறுத்தி, கழுத்தை நீட்டி, போட்டோவுக்கு ஒரு தடவை, போட்டோ சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவை. முப்பத்தெட்டு வினாடி. இரண்டாயிரத்தில் இரண்டு பிரெஞ்சுக்காரிகள் கையாட்டினார்கள், பதினொரு வினாடி. இரண்டாயிரத்து இரண்டில், கடைசித் திருப்பத்தில், அவர் மனைவி லோகநாயகி அம்மாள் நிற்பதைப் பார்த்து ஹாரன் அடிக்கப் போய்த் திருப்பத்தைத் தவறவிட்டார். ஏழு. அந்த ஏழும் அந்த ஒரு இடத்தில் போனது. வீட்டுக்குப் போய் அந்தத் தாளை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு வாரம் பார்த்தேன்.

கோப்பையில் அவர் பெயர் மட்டும் இருந்தது என்பதால்தான் எனக்கு ஆத்திரம் என்று உங்கள் எஸ்.ஐ. எழுதிவைத்திருக்கிறார். தவறு. அந்த வருஷம் அவரே கடைக்குக் கொண்டுபோய் என் பெயரையும் பொறித்து எடுத்து வந்தார். நான் அழிக்கச் சொன்னேன். ஏழு என்ற எண்ணுக்கு அடியில் என் பெயர் இருக்க வேண்டாம் என்றேன். "இன்னாய்யா மனுசன் நீ," என்று சிரித்தார். அவர் வீட்டு அலமாரியில் பார்த்தால் தெரியும், சுரண்டிய தடம் இருக்கும்.

இன்னொரு விஷயமும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். இரண்டாயிரத்து ஒன்றில் வசுமதிக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். தற்செயலாக வாசலில் நின்றுகொண்டிருந்த சார் அவளை இந்தக் காரிலேயே தூக்கி உட்காரவைத்து, தொப்பியெல்லாம் பறக்க, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிழைத்துக்கொண்டாள். நான் நன்றி கெட்டவன் இல்லை. இதை எங்கும் மறைத்ததில்லை. எவ்வளவு நேரத்தில் போனீர்கள் என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றார். முப்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார், பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்தில் ராலியே நடக்கவில்லை. சுனாமி. எங்கள் குடியிருப்பிலேயே ஆட்கள் போய்விட்டார்கள். பக்கத்து பிளாக்கில் இரண்டு பேர். துக்கத்துக்கு நானும் போனேன், தலைகுனிந்து நின்றேன். அந்த வருஷத்துக்கான கணக்கு அட்டவணை முழுவதையும் நான் டிசம்பரிலேயே போட்டு முடித்திருந்தேன் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. எந்த நேரத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

ஆக, மிச்சமிருந்தது இந்த வருஷம். ஓய்வுபெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு ஓசூரில் மகனோடு போய் இருப்பதாக ஏற்பாடு. கடைசி ராலி. இதை சாரும் அறிவார். பொங்கலன்று வீட்டுக்கு வந்தவர் சொன்னார்: "யோவ் நரசிம்மா, இந்த தபா மாலையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வாய மூடிகினு ஓட்டறேன். உனக்கு சைபர் வாங்கித் தரேன்யா. ரிட்டையர்மென்ட் கிஃப்டு." பிறகு இங்கிலீஷில் ஏதோ சொல்லி, இல்லாத மீசையை முறுக்கினார்.

இப்போது தகடு. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தொட்டி இருக்கும். இரண்டாயிரத்து மூன்றில் ஒரு கல் பட்டு அது விரிசல் விட்டு, பாதியில் நின்றுவிட்டோம். ஒரு சாண் உயரக் கார் நம் ஊர் ரோட்டில் வேறென்ன செய்யும். அடியில் ஒரு அலுமினியத் தகடு அடித்துவிடலாம் என்றேன். மணி முன்பாதிக்கு மட்டும் அடித்தார். இந்த ஜனவரியில் அதை இருக்கைக்கு அடிவரை நீட்டச் சொன்னேன். கல் தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், வேகம் சீராக இருக்கும் என்று. மணி செய்துவிட்டு, படுத்தபடி அடியிலிருந்து தலையை நீட்டிச் சொன்னார்: "சார், இது முன்னாடி வாயத் தொறந்துகினு கீது, முறம் மாதிரி. செத்த, சருகு இன்னா வந்தாலும் அள்ளிக்கும். உள்ள சைலன்சர் பைப்பு பழுத்துகினு போவுது. பின்னாடி ரெண்டு தொறப்பு வெச்சா வுழுந்துடும்."

எவ்வளவு நாள் ஆகும் என்றேன். நாலு நாள் என்றார். ராலிக்கு மூன்று நாள் இருந்தது.

"மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா..."

"நான் சொல்லிக்கொள்கிறேன்," என்றேன்.

சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் ராலியே வேண்டாம் என்பார், அல்லது வேறு காரில் போகலாம் என்பார். வேறு காரில் தூரம் காட்டும் ட்ரிப் மீட்டரை நான் சரிபார்த்திருக்கவில்லை.

அடுத்து நான் சொல்லப்போவதில்தான் எனக்கு உண்மையான வெட்கம். ராலிக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலை, என் ஸ்கூட்டரில் போய்ப் பாதையைப் பார்த்து வந்தேன். அது விதிமீறல். பாதை எது என்பதைப் புறப்படும்போதுதான் கொடுப்பார்கள். ஆனால் அமைப்பாளர்கள் திருப்பங்களில் சுண்ணாம்பால் சின்னதாகக் கோடு இழுத்து வைத்துவிட்டுப் போவார்கள். தேடுகிறவன் கண்ணில் படும். எட்டு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவை. கிளப்புக்குத் தனியாக மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன். அதன் நகலை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் கட்டம் திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் உள்ரோட்டில் சுற்றி வருகிறது. அதில் சின்னக்காட்டூர் என்று ஒரு ஊர். ஊரைத் தாண்டியதும் தார் ரோட்டில் இருநூறு மீட்டர் நீளத்துக்குக் கொள்ளுக்கொடியைப் பரப்பி வைத்திருந்தார்கள், முழங்கால் உயரத்துக்கு. ஓரத்தில் ஒரு அம்மாள் கவைக்கோலோடு நின்றிருந்தார். ஆராயி என்று பெயர் சொன்னார். ரோட்டில் ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"பின்ன எங்க போட்டு அடிக்கறது? களத்தயெல்லாம் பிளாட்டு போட்டு வித்துட்டானுங்க. யாரோ செங்கல்பட்டு மொதலாளியாம். பஸ்ஸு லாரி ஏறினா காயி தானா ஒடஞ்சிக்கும். நீ ஓரமா எறங்கிப் போய்யா, ஸ்கூட்டருல சுத்திக்கப் போவுது."

ஆக, கொள்ளு ரோட்டுக்கு வந்ததில் எனக்குப் பங்கில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"கார் ஏறலாமா?" என்றேன்.

"பெரிய வண்டி ஏறலாம். தாழ்வா கீற காரு ஓரமாத்தான் போவணும். போன வருசம் ஒரு கல்யாண வேனு நேரா ஏறிச்சி. அடியில கொடி சுத்திகினு, அதோ அந்தாண்ட போயி புஸ்ஸுனு புடிச்சிகிச்சி. மாப்ளைக்காரன் வேட்டிய அவுத்துப் போட்டுட்டு ஓடனான்."

"ஏறி எவ்வளவு நேரம் கழித்துப் பிடித்தது?"

அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அது இன்னா, ஒரு பீடி புடிக்கற நேரம்."

திரும்பும் வழியில் டீக்கடையில் ஒருவர் பீடி பற்றவைத்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். ஆறு நிமிஷம் இருபது வினாடி. ஒரே ஒரு அளவீட்டை நம்பக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். இன்னொருவர் பிடிக்கும்வரை காத்திருந்தேன். அவருக்கும் ஏறக்குறைய அதேதான்.

நாளைக்கும் கொள்ளு அங்கேயே இருக்குமா என்று அந்த அம்மாளிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன். திங்கள்கிழமை வரை இருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். கட்டத்தின் நீளம் பதினொன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் வேகத்தில் சரியாகப் பதினாறு நிமிஷம். கொள்ளு இருக்கும் இடம் ஒன்பதாவது நிமிஷம். அங்கிருந்து முடிவுக்கு ஏழு நிமிஷம். ஓரமாக இறங்கி ஊர்ந்து போனால் முப்பது வினாடி போகும்; அதை அடுத்த ஒன்றிரண்டு கிலோமீட்டரில் ஈடுகட்டலாம் என்றால், கொள்ளு முடிகிற இடத்தில் ஒரு புளியமரம் இருக்கிறது. ஒளிந்து நேரம் குறிக்க அதைவிட நல்ல இடம் அந்தப் பாதையில் இல்லை. நேராக ஏறிப் போனால் வேகம் மாறாது. பீடிக் கணக்குப்படி, தீ பிடித்த பிறகும் ஓட வேண்டிய நாற்பது வினாடிதான் இடிக்கிறது.

நாற்பது வினாடி பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை காற்று தீயைப் பின்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். நின்றால்தான் மேலே ஏறும். எங்கள் கூடத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை தீயணைப்புப் பயிற்சி உண்டு. எனக்குச் சான்றிதழ் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை. சார் சொன்னபடி நடந்தார். மாலையோடு வந்தவரைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பெண்கள் கையாட்டினார்கள், நேரே பார்த்தார். பைப்பைக்கூட வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். ஐந்து கட்டமும் சைபர். ஐந்தாவது முடிந்ததும் என் தொடையில் ஓங்கித் தட்டி, "பாத்தியா, வாத்தியார் புள்ள மாதிரி ஓட்டிகினு கீறேன்," என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கல்யாணத்தில்கூட அனுபவித்ததில்லை.

பதினொன்று முப்பத்தொன்றுக்குக் கடைசிக் கட்டத்தில் புறப்பட்டோம். பதினொன்று நாற்பதுக்குக் கொள்ளு தெரிந்தது. எங்களுக்கு முன்னால் போன கார் ஓரத்தில் இறங்கி நொண்டிக்கொண்டிருந்தது.

"யோவ், ரோட்டு மேல கொள்ளு கீதுய்யா. ஓரங்கட்டட்டா?" மாட்டுத் தரகர் மகன், அவருக்குத் தெரிந்திருந்தது.

"வேண்டாம் சார். நாற்பத்திரண்டு. நேராக."

"அடில சுத்திக்கும்யா."

"தகடு இருக்கிறது."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு வினாடிக்கும் குறைவு. "நீ சொன்னா சரி," என்றார். ஏறினோம். அடியில் சரசரவென்று பெரிய சத்தம், பிறகு ஒன்றுமில்லை. வேகம் கொஞ்சமும் குறையவில்லை. புளியமரத்துக்குப் பின்னால், நான் நினைத்தபடியே, நாற்காலி போட்டு இருவர் உட்கார்ந்திருந்தார்கள்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு, "இன்னாய்யா தீஞ்ச வாசன?" என்றார். வயலில் தாள் எரிக்கிறார்கள் என்றேன். நாற்பத்து நாலுக்கு, "காலு சுடுதுய்யா," என்றார். வெயிலில் தகடு சூடேறும் என்றேன். பின்னால் வந்த கார் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. சார் கண்ணாடியைப் பார்க்கப் போனார். "முன்னால் பாருங்கள் சார், ஒரு வினாடி முந்தியிருக்கிறோம்," என்றேன். முந்தவில்லை. ஆனால் அவர் உடனே கண்ணை எடுத்துவிட்டார். எட்டு வருஷத்தில் என் எண் ஒன்றுகூடத் தவறியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்த நாலைந்து நிமிஷத்தில் எந்த இடத்திலும் நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. நிறுத்தினால் எத்தனை புள்ளி போகும் என்றும் உங்களுக்குச் சொல்ல முடியும்.

முடிவுக்கு நாற்பது வினாடி இருக்கும்போது என் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டேன். அவருடையதைக் கழற்றவில்லை. அதற்கு அவர்மேல் குனிய வேண்டும்; கால் அசையும், வேகம் பிசகும். அதோடு, அது வழக்கமில்லை.

முடிவிடம் மாமல்லபுரத்துக்கு வெளியே சவுக்குத் தோப்பு ஓரம். ஷாமியானா, பேண்டு செட், கிளப் ஆட்கள் எல்லோரும். கோட்டில் முன்சக்கரம் பட்டு நின்றது. நான் இறங்கி, ஆறு மீட்டர் தள்ளி இருந்த மேசைக்கு நடந்தேன். ஓடவில்லை. அங்கே காயத்ரி என்ற பெண், நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள், ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப்புக்கு நேரம் குறிக்க வருவாள். எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், கார்ல தீ சார்."

"டைம் போடும்மா முதலில்."

"சார், உள்ள சார் இருக்காரு..."

"பதினொன்று நாற்பத்தேழு, சைபர் சைபர். வினாடிக் கட்டத்தையும் நிரப்பு. கையெழுத்து."

போட்டாள். எழுத்து கோணலாக இருக்கிறது, ஆனால் படிக்க முடியும். மை காயட்டும் என்று ஊதினேன்.

தீயணைப்பான் எங்கே இருந்தது என்று கேட்டீர்கள். என் இருக்கைக்கு அடியில், என் கால் படும் இடத்தில். இறங்கும்போது பார்த்தேன். ஒரு கையில் கார்டு, இன்னொரு கையில் ஸ்டாப்வாட்ச். இரண்டு கையும் வேலையாக இருந்தன.

அவர் வழக்கம்போல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் கையாட்டுகிறார் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். பேண்டு செட்காரர்கள் இன்னும் பலமாக வாசித்தார்கள். புகையையும் ஏதோ விசேஷ ஏற்பாடு என்று நினைத்திருக்க வேண்டும், சார் செய்யக்கூடியவர்தான். நான் வருவேன் என்று அவர் என் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தீ பானெட்டுக்கு மேலே வந்தது. மணிதான் சாக்கை நனைத்துக்கொண்டு ஓடிவந்து, கத்தியால் பட்டையை அறுத்து இழுத்தார். நான் மேசையிலிருந்து திரும்பியபோது பாதி அறுத்தாகிவிட்டது. என்னால் தாமதமானது இருபத்திரண்டு வினாடி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்வரை உயிரோடு இருந்தார். பார்க்கப் போனேன். வாசலில் லோகநாயகி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களத்தான் கேட்டுகினே இருக்காரு," என்றார்கள். அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கார்டைச் சட்டைப்பையில் எடுத்துப் போயிருந்தேன். சைபர் என்று என் வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் போனது. கட்டுக்கு நடுவில் கண் மட்டும் தெரிந்தது. "நரசிம்மா, உனக்கு ஒண்ணும் ஆவலயே?" என்றார். இல்லை சார் என்றேன். "அது போதும்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

எத்தனை வந்தது என்று அவர் கேட்கவே இல்லை. கடைசிவரை அந்த மனிதருக்கு இந்த விளையாட்டு என்னவென்று புரியவில்லை, இன்ஸ்பெக்டர் சார். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அவர் எரிந்து இறந்ததற்கு நான் காரணம் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தகடு, கொள்ளு, வயலில் தாள் என்று சொன்னது, பெல்ட், எல்லாம் நான் செய்தது. தெரிந்து செய்தது. அதில் எனக்கு ஆட்சேபணை கிடையாது.

ஆட்சேபணை ஒன்றே ஒன்றில்தான். காயத்ரி உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில், தான் அந்த நேரத்தில் தீயைத்தான் பார்த்ததாகவும், நான் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்ததாகவும், அங்கிருந்த ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்றும் சொல்லியிருக்கிறாள். அதைக் காட்டி கிளப் எங்கள் கடைசிக் கட்டத்தை ரத்து செய்யப்போகிறதாம். அவள் பார்க்கவில்லை என்பது சரி. ஒருவருமே பார்க்கவில்லை என்பது பொய். அதைத் திருத்த வேண்டும்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழு நேரமும் நான் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.